தண்ணீர் நிற்காத வீட்டுக் குட்டை: காசைக் கொட்டுமுன் கசிவைக் கண்டுபிடியுங்கள்



பூண்டியில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நம் அறக்கட்டளையிலிருந்து வட்டியில்லாக் கடனாக 18,000 ரூபாய் கொடுத்தோம். வீட்டுக்குப் பின்னால் அவர் வெட்டிய குட்டையில் தண்ணீர் நிற்கவில்லை, அடியில் சிமென்ட் பூச்சுப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். மனுவைப் பார்த்தோம், நல்ல காரியம் என்று ஒப்புதல் கொடுத்தோம். பூச்சு வேலையும் முடிந்தது. மழை பெய்து குட்டை நிறைந்தது. ஆனால் முன்பு எப்படி வடிந்ததோ, அப்படியே மறுபடியும் வடிந்தது.

அதோடு முடிந்திருந்தால் பண நஷ்டம் மட்டும்தான். அவர் வீட்டுக்கு ஒரு படி கீழே உருளைக்கிழங்கு பயிரிடும் ஒரு பெரியவர் குடும்பத்தோடு இருக்கிறார். அவருடைய வீட்டின் பின்சுவர் வெயில் காலத்திலும் ஈரமாகவே இருந்திருக்கிறது. அவர் சண்டைக்கு வரவில்லை. "உங்க குட்டைத் தண்ணி எங்கயும் போகலைங்க, என் செவுத்துக்குள்ளதான் வருது" என்று மட்டும் சொன்னார். அந்தச் செய்தி எட்டிய பிறகுதான் நான் பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் பூண்டிக்குப் போனேன். போயிருக்க வேண்டியது கடன் கொடுப்பதற்கு முன்னால். அங்கே பார்த்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். மலையில் குட்டை வைத்திருப்பவர்களுக்கும், வெட்ட நினைப்பவர்களுக்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

மலை மண் ஏன் தண்ணீரைப் பிடிப்பதில்லை?

கீழ்நாட்டில் கரிசல் மண் ஈரம் பட்டதும் உப்பி, தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். பழனி மலையின் மேற்பகுதியில் நிலைமை வேறு. மேலே இலைதழை மக்கிய கருப்பு மண், அதன் கீழே செம்மண், அதற்கும் கீழே சிதைந்த பாறை. செம்மண் கையில் ஒட்டுவதால் களிமண் என்று நினைத்துவிடுகிறோம். அதிலும் களி உண்டு. ஆனால் அது உப்பும் வகையல்ல. துகள்கள் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்ந்து நிற்கும். உருண்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். தைலமரமோ வாட்டில் மரமோ வெட்டிய இடமாக இருந்தால், மக்கிப்போன வேர்கள் விட்ட துளைகளும் சேர்ந்துகொள்ளும்.

இடத் தேர்வும் ஒரு காரணம். கொடைக்கானல் ஏரியை 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கினார். ஓடைகள் வந்து சேரும் ஈரமான பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் வாயில் கரை போட்டார். தண்ணீர் தானாகவே தங்க விரும்பும் இடம் அது. நாமோ வீட்டுக்குப் பின்னால் மிஞ்சிக் கிடக்கும் இடத்தில் வெட்டுகிறோம். அது பெரும்பாலும் படிநிலத்தின் வெளி ஓரம். மேல்பக்கம் வெட்டிய கெட்டி மண், கீழ்ப்பக்கம் அந்த மண்ணையே கொட்டி நிரப்பிய தளர்ந்த மண். ஒரே குட்டை இரண்டு விதமான தரையில் உட்கார்ந்திருக்கிறது. நிரப்பிய பக்கம் நாளடைவில் அமுங்கும், வெட்டிய பக்கம் அமுங்காது. அதனால்தான் சிமென்ட் போட்ட குட்டைகளில் இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் விழுகிறது. கொத்தனாரின் கைவேலை சரியாக இருந்தாலும் விழும்.

முதலில் அளந்து பாருங்கள்

குட்டையில் நீர் குறைவதெல்லாம் கசிவல்ல. வெயிலும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வாளியும் ஒரு அடிஸ்கேலும் போதும்.

ஒரு வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, குட்டைக்குள் ஒரு கல்லின் மேல், வாளியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். வாளிக்குள் இருக்கும் நீர்மட்டமும் வெளியே குட்டையின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடையிலிருந்து வரும் குழாயை அடைத்துவிடுங்கள், தோட்டத்துக்கும் எடுக்காதீர்கள். மழையில்லாத நாளாகப் பார்த்து, சுப்ஹு தொழுத பின் ஒருமுறை அளந்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளக்க வேண்டும். வாளியில் குறைந்தது வெயிலும் காற்றும் எடுத்தது. குட்டையில் அதைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்ததோ, அதுதான் கசிவு.

கணக்கும் எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அது ஒரு லிட்டர். பூண்டிக் குட்டை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்; பரப்பு 20 சதுர மீட்டர். ஹனஃபி மத்ஹபில் பெரிய ஹவுளுக்குச் சொல்லப்படும் பத்து முழத்துக்குப் பத்து முழம் கிட்டத்தட்ட 21 சதுர மீட்டர் வரும். ஆகவே பள்ளிவாசல் ஹவுளை மனதில் நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும். அங்கே ஒரு நாளில் குட்டையில் 50 மில்லிமீட்டர் குறைந்தது, வாளியில் 3 மில்லிமீட்டர்தான். கசிவு 47 மில்லிமீட்டர். அதாவது நாளொன்றுக்கு 940 லிட்டர். ஓடை நீரால் குட்டை நிறைந்தே நிற்கும் மாதத்தில் இது 28,000 லிட்டருக்கு மேல் போகும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கும் அதிகமான நீரை மாதாமாதம் பெரியவர் வீட்டுச் சுவருக்குப் பின்னால் இறக்கிக்கொண்டிருந்தோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

எந்த மட்டத்தில் நிற்கிறது?

நீர் இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த மட்டத்தில் இருக்கிறது. கடைசிவரை இறங்கி வற்றிவிட்டால் அடியில் இருக்கிறது. இது மிகச் சிறிய செய்தி. ஆனால் இது தெரிந்திருந்தால் அந்த 18,000 ரூபாய் செலவாகியிருக்காது.

நாங்கள் ஆண்கள் நாலு பேர் கரையில் நின்று சிமென்ட் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுச் சகோதரி வாசலில் நின்றபடி சொன்னார்: "அண்ணே, ஓடை வத்துற மாசத்துல பாருங்க, அந்தக் குழாய் மட்டத்துக்கு வந்ததும் தண்ணி நின்னுடும். அதுக்குக் கீழ இறங்கவே இறங்காது."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்றேன்.

"யாரும் கேக்கலையே அண்ணே" என்றார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கீழ்க்கரை வழியாக ஒரு பிவிசி குழாய் பதித்திருந்தார்கள், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில். கரையைத் தோண்டிக் குழாயை வைத்து, அதே மண்ணைத் தளர்வாக மூடியிருக்கிறார்கள். குழாய்க்குள் போகும் தண்ணீருக்கு வால்வு இருந்தது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிப் போகும் தண்ணீருக்கு எதுவும் இல்லை. கரையைத் துளைத்துப் போகும் எந்தக் குழாயையும் முதலில் சந்தேகப்படுங்கள். அங்கே ஒழுகும்போது அடித்தரைக்குப் பூசுவதால் ஒரு பயனும் கிடையாது.

உறுதி செய்ய ஒரு வழி: காற்றில்லாத நேரத்தில் சந்தேகப்படும் இடத்தருகே சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்து மெதுவாக விடுங்கள். கசிவு இருந்தால் நிறம் கோடு போல அந்தப் பக்கம் இழுக்கப்படும். எங்கள் கண் முன்னால் அது குழாயின் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

கரையின் வெளிப்பக்கத்தையும் சுற்றிப் பாருங்கள். நண்டு வளை, எலி வளை, பழைய மரவேர், கோடையிலும் பச்சையாக இருக்கும் புல், பாசி பிடித்த கல் எல்லாம் அடையாளங்கள்.

இந்த மூன்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்

வெளியே கசியும் நீர் தெளிவாக இருந்தால் அவகாசம் உண்டு. கலங்கலாக வந்தால், கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். கரையின் மேல் நீளவாக்கில் புதிய விரிசல் தெரிந்தாலும், கீழே உள்ள கல்கட்டோ சுவரோ வயிறு தள்ளினாலும் அதே ஆபத்துதான். உடனே கீழ் வீட்டாரிடம் சொல்லி, அந்தப் பக்கம் யாரும் படுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீரை மெதுவாக ஓடைக்கோ வடிகாலுக்கோ இறக்குங்கள். சரிவின் மேல் திறந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது நம் மலையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டோம். ஏற்கெனவே ஊறிப்போன சரிவு, பெருமழையைத் தாங்காது.

எந்தக் கசிவுக்கு எந்த வைத்தியம்?

குழாய் ஓரக் கசிவு: நீரை இறக்கி, குழாயைச் சுற்றி முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும். கரையின் நடுவில் வரும்படி குழாயைச் சுற்றி ஒரு சதுரக் கான்கிரீட் தட்டு அமைத்தால், ஒட்டிக்கொண்டு வரும் நீரின் வழி மறிக்கப்படும். பிறகு ஈரமான களிமண்ணை நாலு விரல்கிடை நிரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த நாலு விரல்கிடை. முழுவதையும் நிரப்பிவிட்டு மேலே மட்டும் இடித்தால் உள்ளே பொதபொதவென்றே இருக்கும்.

பரவலான கசிவு, மண்ணில் களி உண்டு: குட்டையைக் காயவிட்டு, கல்லையும் வேரையும் பொறுக்கி, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். பிசைந்தால் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரமாக்கி நன்றாக இடியுங்கள். முன்னோர் மாடுகளை விட்டு மிதிக்கச் செய்தது இதற்குத்தான். சிறிய குளம்பு மண்ணை ஆழமாகப் பிசையும். சாலை போடுவோர் முளை வைத்த உருளைக்கு ஆட்டுக்கால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மண்ணில் களி போதவில்லை: வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் கனத்துக்கு, இரண்டு அடுக்காக இட்டு இடிக்க வேண்டும். களியின் அளவை அறிய, ஊறுகாய் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். மேலடுக்கு மொத்த மண்ணில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் அந்த மண் உதவும். இட்ட பிறகு காயவிடக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும். மலைக்குக் களிமண் ஏற்றும் லாரி வாடகையை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பென்டோனைட்: இது ஈரம் பட்டால் பல மடங்கு உப்பும் களிமண் பொடி. குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளில் வெட்டி எடுக்கப்படுகிறது. எர்த்திங் குழிக்குப் போடுவதற்காக மின்சாமான் கடைகளில் விற்பார்கள். சோடியம் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மண்ணைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ வரை தேவைப்படும். வற்றிய குட்டையில் பரப்பி, மேல்மண்ணோடு கலந்து இடிக்க வேண்டும். நிறைந்த குட்டையில் மேலிருந்து தூவினால் பெரும்பாலும் வீண்தான்.

ஷீட்: பண்ணைக்குட்டைக்கென்றே நெய்து பூசிய எச்டிபிஇ ஷீட்டுக்கு ஐ.எஸ். 15351 என்ற இந்தியத் தர எண் உண்டு. அதைப் பார்த்து வாங்குங்கள். சாதாரணத் தார்ப்பாய் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். அளவுக்கு, நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், கரையில் புதைக்க இருபுறமும் அரை மீட்டரையும் கூட்டுங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 9 மீட்டருக்கு 8 மீட்டர் ஷீட் வேண்டும். அடியில் கூர்மையான கல் இல்லாமல் மெல்லிய மண்ணோ பழைய சாக்கோ விரியுங்கள். ஊற்றுள்ள சரிவில் மழைக்காலத்தில் அடியிலிருந்து நீர் முட்டி ஷீட்டைத் தூக்கும். அந்த நீர் வெளியேற அடியில் ஒரு வடிகுழாய் தேவை.

ஷீட் போட்ட குட்டையில் கால் வைத்தால் வழுக்கும், ஏறி வர முடியாது. குழந்தை விழுந்தாலும் ஆடு விழுந்தாலும் இதே கதிதான். சுற்றிலும் வேலியும், உள்ளே தொங்கும் முடிச்சுப் போட்ட கயிறும் இல்லாமல் ஷீட் போடாதீர்கள். காட்டுமாடு இறங்கினால் குளம்பு ஷீட்டைக் கிழித்துவிடும். அதற்கும் வேலி அவசியம்.

செய்யக் கூடாதவை இரண்டு. உப்பைக் கொட்டினால் களி கரைந்து துளைகளை அடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அடைக்கவும் கூடும், ஆனால் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் தோட்டம் பாழாகும். மற்றொன்று, சாணம் கரைத்துப் பூசுவது. பயிருக்கு மட்டும் பயன்படும் குட்டையில் அதை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். இரு மத்ஹபிலும் சாணம் நஜீஸ் என்பதால், ஒளுச் செய்யவோ வீட்டுப் புழக்கத்துக்கோ எடுக்கும் நீரில் அந்த வேலை வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

எந்த வேலையானாலும் மாசி, பங்குனியில் முடியுங்கள். ஐப்பசி மழை வருமுன் கரை இறுகியிருக்க வேண்டும். மலையில் இயந்திரம் வைத்து மண் தோண்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. அனுமதி கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். புதிதாக வெட்டுவதாக இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையில் பண்ணைக்குட்டைக்கான உதவித் திட்டங்களையும் விசாரியுங்கள்.

பூண்டியில் என்ன ஆனது?

குழாய் ஓரத்தைத் தோண்டி, தட்டு அமைத்து, களிமண் இட்டு இடித்தோம். இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை. நிறைத்து மறுபடி வாளி வைத்துப் பார்த்தோம். குட்டையில் 9 மில்லிமீட்டர், வாளியில் 3. கசிவு 940 லிட்டரிலிருந்து 120 லிட்டராகக் குறைந்திருக்கிறது. முழுவதும் நிற்கவில்லை, மண் குட்டையில் முழுவதும் நிற்காது. பெரியவர் வீட்டுச் சுவர் அந்தக் கோடையில் காய்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். மழைக்காலத்தில் மீண்டும் போய்ப் பார்ப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மக்தபில் படித்தோம். அண்டை வீட்டார் எந்த மதத்தவரானாலும் அவருக்கு நம்மால் தீங்கு வரக் கூடாது என்றும் படித்தோம். சமவெளியில் இவை இரண்டு பாடங்கள். மலைச் சரிவில் இரண்டும் ஒன்றுதான். மேல்படியில் நாம் வீணாக்கும் தண்ணீர் கீழ்படியில் ஒருவருடைய சுவரைக் கரைக்கிறது.

பயன்படாமல் போன பூச்சுக்குரிய கடனில் பாதியை நிர்வாகக் குழுவினர் தம் சொந்தக் கையிலிருந்து கட்டியிருக்கிறோம். பைத்துல்மால் பணம் அமானிதம். பரிசோதிக்காமல் ஒப்புதல் கொடுத்தது எங்கள் தவறு, அதைப் பொதுப்பணத்தில் எழுத முடியாது. இனிமேல் குட்டை, தொட்டி வேலைக்குக் கடன் கேட்போர் மனுவோடு ஏழு நாள் அளவுக் குறிப்பையும் தர வேண்டும். ஒவ்வொரு நாளும் குட்டையில் எவ்வளவு, வாளியில் எவ்வளவு குறைந்தது என்று இரண்டு எண்கள் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் வந்து எழுதித் தருகிறோம். அதோடு, அந்தத் தண்ணீரை அன்றாடம் மொண்டெடுப்பவர் யாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்